கர்த்ருத்வமும் கம்ப்யூட்டரும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ப்ரஹ்மோத்ஸவ மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமென்று விழாக் குழுவினர் அடியேனைக் கேட்டபோது, வழக்கம்போல் வாஹன ஸேவைகளின் உட்பொருளைப் பற்றியோ திருமஞ்சன க்ரமத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். இம்முறை அடியேன் உள்ளத்தை வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டிருக்கிறது. மூளையிலுள்ள நரம்புகளின் வேலையைக் கம்ப்யூட்டரில் நடத்திக் காட்டும் நிரல்களைப் பற்றியது அது. வடமொழிப் பாடசாலையில் வாசித்துவிட்டு, மணியும் தீர்த்த வட்டிலுமாக வாழ்நாளைக் கழிப்பவனுக்கு இதில் என்ன அதிகாரம் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் முதலில் ஒரு பெரியவரின் கதையைக் கேட்டருள வேண்டும்.

ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன், தாம்பரத்தை அடுத்த ஒரு திருக்கோயிலில் அடியேனுக்கு மூத்தவராக ஒரு பட்டர் ஸ்வாமி கைங்கர்யம் செய்துவந்தார். அப்போது அவருக்கு வயது 68. ஆராதன மந்த்ரங்களில் ஒரு ஸ்வரம் பிசகாதவர். புஷ்பம் ஸமர்ப்பிக்கும்போது அவர் விரல்களைப் பார்ப்பதே ஒரு ஸேவையாக இருக்கும். ஒருநாள் காலை, தீர்த்தக் குடத்துடன் அர்த்தமண்டபத்தைக் கடந்து வந்தவர், கர்ப்பக்ருஹத்தின் நிலைவாசலுக்கு முன் நின்றுவிட்டார். ஏதோ த்யானத்தில் நிற்கிறார் என்று நினைத்தோம். நேரம் சென்றது. பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல இருந்தன; முழங்கால் மட்டும் நடுங்கிற்று. பின்னாலிருந்து அடியேன் தோளைத் தொட்டவுடன் உள்ளே சென்றுவிட்டார். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பின்னர் வாரத்துக்கு ஒருமுறையாகவும், அதன்பின் நாள்தோறும் நிகழலாயிற்று. அவர் எழுதிவந்த பஞ்சாங்கக் குறிப்புகளின் எழுத்தும் மாதத்துக்கு மாதம் சிறுத்து, எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிட்டது. “கண்ணுக்குத் தெரியும்படி எழுதலாகாதா?” என்று அடியேனே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

ஊரார் வாயில் விழுவதற்கு இவ்வளவு போதாதென்று, வேறு இரண்டு விஷயங்களும் சேர்ந்துகொண்டன. புறப்பாட்டின்போது, கோஷ்டி ஒரே குரலாக அருளிச்செயல் ஸேவித்துக்கொண்டு செல்ல, அதற்கிணங்க அவர் தடையின்றி நடந்தார். திருநீர்மலைக்கு எல்லோருமாகச் சென்றபோதோ, மலைப்படிகளை எங்களைப்போலவே ஏறினார். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் எம்பெருமான் நான்கு கோலங்களில் ஸேவை ஸாதிக்கும் திவ்யதேசம் அது. ‘மலை ஏறுகிற கால், ஒரு நிலைப்படியைத் தாண்டாதா?’ என்று பேச்சு கிளம்பியது. எம்பெருமானே உள்ளே வரவொட்டாமல் தடுக்கிறான், உள்ளே ஏதோ அபசாரம் இருக்கவேண்டும் என்றனர் சிலர். நடிக்கிறார் என்றனர் சிலர். அங்கவைகல்யம் உள்ளவன் பூஜிக்கலாகாது என்று க்ரந்தத்தைப் புரட்டினவர்களும் உண்டு. அடியேன் இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய தவறு செய்தேன். ஒருநாள் பக்தர்கள் காத்திருக்க, அவர் நிலைவாசலில் நிற்க, பொறுமையிழந்து, “ஸ்வாமி, மனசு உள்ளே இருந்தால் கால் தானே வரும்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “மனசு உள்ளேதானப்பா இருக்கு, கால்தான் வெளியிலே நிக்கிறது” என்றார். கண்கள் நிறைந்திருந்தன.

சில மாதங்களில் அவர் தாமாகவே உட்கைங்கர்யத்திலிருந்து விலகி, மண்டபத்தில் அமர்ந்து திருத்துழாய் ஆய்ந்துகொண்டிருந்தார். வ்யாதியின் பெயர் வைத்தியர்கள் வாயிலாக வெளிவரும்போது நெடுநாளாகிவிட்டது. 2018-ல் அவர் பரமபதித்தார்.

நம் ஸந்நிதிக்கு ஸேவைக்கு வரும் பிள்ளை ஒருவன் உண்டு. தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி நாள்தோறும் படிக்கச் செல்பவன். அண்மையில் ஒரு மாலை, பேச்சோடு பேச்சாக இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். மறுநாள் அவன் கையில் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு வந்தான். பார்க்கின்ஸன் நோயுற்றவர்கள் குறுகிய வாசல்களைக் கடக்கும்போது அவர்கள் நடையில் ஏற்படும் மாறுதலை ஒரு கம்ப்யூட்டர் மாதிரியால் விளக்குவது அது. 2014-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் வி. ஸ்ரீநிவாஸ சக்ரவர்த்தியும் அவருடைய மாணவர்களும், ஆஸ்திரேலியாவிலுள்ள ஆய்வாளர்களும். தாம்பரத்திலிருந்து அரைமணி ரயில் தூரத்தில், எங்கள் பெரியவர் உயிரோடிருந்த காலத்திலேயே, அவர் நின்ற வாசலைப் பற்றி ஒரு கூட்டம் சிந்தித்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே அடியேன் அவருக்கு மனஸ்ஸைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த நோயைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். 1817-ல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் நடுக்குவாதம் என்று இதை விவரித்து ஒரு நூல் எழுதினார். நம் ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்பர். நடுமூளையில் கறுத்த நிறமுடைய ஒரு சிறு பகுதி உண்டு. டோபமின் என்னும் ரஸத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. அவை சிறிது சிறிதாக மடிவதே இந்நோய். அவற்றில் பெரும்பங்கு அழிந்தபிறகே நடுக்கம் வெளியே தெரிகிறது. அதாவது, ஊரார் காணும் முன்பே உள்ளே நெடுங்காலம் நடந்துவிடும் காரியம் இது. இதற்குத் தரும் மருந்தாகிய டோபா, பூனைக்காலி விதையில் இயற்கையாகவே உள்ளது. 1937-ல் சென்னையில் எம். தாமோதரன், ஆர். ராமஸ்வாமி என்னும் இருவர் அவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். இந்நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பது 1960-ல்தான் வியன்னாவில் கண்டறியப்பட்டது. டோபாவை அங்கே நோயாளிக்குச் செலுத்திப் பார்த்தது 1961-ல். பூனைக்காலிக்கு வடமொழியில் ஆத்மகுப்தா என்று ஒரு பெயர். தன்னைத் தானே காத்துக்கொள்வது என்று பொருள். தொட்டால் அரிக்கும் சுனையை உடையதால் வந்த பெயர்.

இனி நிரல்களுக்கு வருவோம். நரம்பின் வேலையைக் கணக்காக எழுதலாம் என்பதை நிலைநாட்டியவர்கள் கேம்ப்ரிட்ஜைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்பவர்கள். கணவாயின் பருத்த நரம்பிழையில் மின்துடிப்பு எவ்வாறு எழுந்து ஓடுகிறது என்பதை 1952-ல் சமன்பாடுகளாகத் தந்தனர். ஸோடியமும் பொட்டாஸியமும் நரம்பின் சுவரிலுள்ள நுண்வாயில்கள் வழியே புகுந்தும் வெளியேறியும் செய்யும் காரியம் அது. அந்தக் கணக்கைப் போட அவர்கள் நம்பியிருந்த பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் அப்போது வேலை செய்யவில்லை. ஆகவே ஹக்ஸ்லி, கைப்பிடியைச் சுழற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுழற்றி, சில மில்லிஸெகண்டுகள் நிகழும் ஒரு துடிப்பைக் கணக்கிட்டு முடித்தார். பாடசாலையில் ஒரு பனஸையை நூறு தடவை சொல்லி உருப்போட்டவர்களுக்கு இந்தப் பொறுமை விளங்கும்.

அந்தக் கைச்சுழற்சியைத்தான் இன்றைய நிரல்கள் விரைவாகச் செய்கின்றன. ஒரு நரம்பணுவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுதி, காலத்தையும் நுண்ணிய கூறுகளாக அரிந்து, ஒரு கூறிலிருந்து மறு கூறுக்குக் கணக்கை நகர்த்துவதே அவற்றின் வேலை. நியூரான் என்னும் நிரல் அமெரிக்காவில் உருவாயிற்று. ஜெனிஸிஸ் என்பது 1980-களின் இறுதியில் கால்டெக்கில் எழுந்தது. அங்கே அதன் ஆக்கத்தில் பங்குகொண்டவர் உபிந்தர் பல்லா. அவர் பின்னர் பங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் மூஸ் என்னும் நிரலைத் தம் குழுவினரோடு அமைத்தார். அதன் பதிப்புகளுக்குச் சம்சம், ஜிலேபி என்று இனிப்புப் பண்டங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது, தளிகைக்கு உதவாத ஜிலேபி இது ஒன்றுதான் என்று சிரித்தோம்.

ஆனால் வாசலில் நின்ற காலை விளக்கிய மாதிரி வேறு வகை. ஒவ்வொரு நரம்பணுவின் சுவரையும் அது வரைவதில்லை. மூளையின் அடித்தளத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் ஒரு செயலை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதிர்பார்த்த பலனுக்கும் கிடைத்த பலனுக்கும் உள்ள வேறுபாட்டையே டோபமின் அறிவிக்கிறது என்று 1997-ல் ஷூல்ட்ஸ், தயான், மான்டேகு என்பவர்கள் எடுத்துரைத்தனர். அக்கருத்தை அடியாகக்கொண்டு, திரையில் ஓர் உருவம் வாசலை நோக்கி நடக்கிறது. முன்னே செல்வதா, நிற்பதா, வேறு வழி தேடுவதா என்று ஒவ்வோர் அடியிலும் அதன் கணக்கு தீர்மானிக்கிறது. டோபமினுக்குரிய எண் தாராளமாக ஏறி இறங்கும்போது உருவம் அகன்ற வாசலையும் குறுகிய வாசலையும் கடந்து செல்கிறது. நோயைக் காட்டுவதற்கு, அவ்வெண் ஓர் எல்லைக்கு மேல் உயராதபடி கட்டிவிடுகின்றனர். அப்போது அதே உருவம் வாசல் குறுகக் குறுக அடியின் நீளத்தைச் சுருக்கிக்கொள்கிறது. நோயாளிகளை வாசல்களின் வழியே நடக்கவிட்டு அளந்தவர்கள் கண்டதும் இதுவே. இதே ஆய்வுக்கூடத்தார் 2009-ல், இந்நோயில் எழுத்து சிறுத்துப்போவதையும் ஒரு மாதிரியால் காட்டியிருக்கிறார்கள். எறும்பு ஊர்ந்த பஞ்சாங்கக் குறிப்பு அடியேன் நினைவுக்கு வந்தது.

மலைப்படியும் கோஷ்டியும்கூடப் புதிர்கள் அல்லவாம். பழக்கத்தால் தானே நடக்கும் நடைக்கு அந்த அடித்தள முடிச்சுகள் வேண்டும். கண்ணெதிரே படியோ கோடோ இருந்து, ‘இதைத் தாண்டு’ என்று காட்டினால், அல்லது காதில் தாளம் விழுந்தால், மூளை வேறு வழியால் காலைச் செலுத்துகிறது என்று கருதுகிறார்கள். தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால் இந்நோயாளிகள் நன்றாக நடப்பர் என்பது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்த செய்தி. மலை ஏறியதும் மெய். நிலைவாசலில் நின்றதும் மெய். நடிப்பு என்று சொன்னவர்கள் எதை அத்தாட்சியாகக் காட்டினார்களோ, அதுவே நோயின் அடையாளமாக இருந்தது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. ஓர் எண்ணைக் கட்டினால் கால் நிற்கிறது, அவிழ்த்தால் நடக்கிறது என்றால், நடப்பவன் யார்? கைங்கர்யம் செய்தவர் பட்டர் ஸ்வாமியா, டோபமினா?

கீதையின் பதினெட்டாம் அத்யாயத்தில், எந்தக் காரியத்துக்கும் ஐந்து காரணங்கள் உண்டென்று கண்ணன் அருளிச்செய்கிறான். அதிஷ்டானமாகிய சரீரம், கர்த்தாவாகிய ஜீவன், மனஸ்ஸோடு கூடிய இந்த்ரியங்களாகிய கரணம், ப்ராணன் முதலியவற்றின் பலவகைச் சேஷ்டை, ஐந்தாவதாகத் தைவம். தைவம் என்பதற்கு அந்தர்யாமியான பரமாத்மா என்று எம்பெருமானார் பாஷ்யம் இடுகிறார். தன்னையே தனிக் கர்த்தாவாகக் காண்பவன் உண்மையைக் காணாதவன் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. இதை அடியேன் பாடசாலையில் வாசித்து, காலக்ஷேபத்தில் கேட்டு, பிறருக்கும் சொல்லியிருக்கிறேன். இருந்தும் நிலைவாசலில் நின்றவரைப் பார்த்தபோது ஐந்தில் ஒன்றை மட்டும் எண்ணினேன். ஐவர் இழுக்கவேண்டிய தேர் நின்றுவிட்டது. மற்றவர்களை விட்டு ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டினேன். ‘மனசு உள்ளே இருந்தால் கால் வரும்’ என்றது, கர்த்தா சரியாக இருந்தால் கரணமும் சேஷ்டையும் கைகட்டி நிற்கும் என்று சொன்னதற்கு ஸமம். அப்படி எந்த ஆசார்யரும் சொல்லவில்லை. கையாலாகாமையைத் தகுதிக் குறைவாகக் கொள்ளாமல், ஆகிஞ்சந்யம் என்று பெயரிட்டு சரணாகதிக்கு அதிகாரமாகவே வைத்த ஸம்ப்ரதாயம் நம்முடையது. அதை அடியேனுக்கு நினைவூட்ட ஒரு கம்ப்யூட்டர் நிரல் வேண்டியிருந்தது என்பதில் வெட்கம்தான்.

அந்தப் பிள்ளை இவ்வளவில் விடவில்லை. “ஸ்வாமி, நான்கு காரணங்களே கணக்கை முடித்துவிடுகிறபோது, கர்த்தா என்று தனியே ஒருவன் எதற்கு? திரையில் நடக்கும் உருவத்துக்குள் ஜீவன் இல்லை, ஆனாலும் அது நடக்கிறது, நிற்கிறது” என்றான். நல்ல பூர்வபக்ஷம். பழைய சார்வாகன், வெல்லமும் மற்றவையும் புளித்துச் சேரும்போது மதம் பிறப்பதுபோலப் பூதங்கள் சேர்ந்தால் சைதந்யம் பிறக்கும் என்றானே, அதே பக்ஷம் புது வேஷத்தில் வந்திருக்கிறது.

இதற்கு ஒரு சுலபமான விடை உண்டு. அடியேனுக்கு அதில் ருசியில்லை. மாதிரிகள் இன்னும் சிறியவை என்று சொல்வதே அது. உண்மையில் சிறியவைதாம். 302 நரம்பணுக்களே கொண்ட ஒரு நுண்புழுவின் நரம்பு வரைபடம் 1986-லேயே வெளிவந்தும், அப்புழுவின் வாழ்வு முழுவதும் இன்னும் கம்ப்யூட்டரில் நடத்தப்படவில்லை. 2005-ல் ஸ்விட்ஸர்லாந்தில் தொடங்கிய ப்ளூ ப்ரெயின் என்னும் பெருமுயற்சி, 2015-ல் எலிமூளையின் ஒரு துணுக்கில் ஏறத்தாழ 31,000 நரம்பணுக்களை நடத்திக் காட்டியது. அம்முயற்சி 2024-ல் முடிந்தது. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஆயினும் கணக்கு பெரிதாயிருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு ஆத்மாவை நிலைநாட்டுவது, பிடி தளர்ந்த கிளையில் தொங்குவதாகும். நாளைக்கு ஒருவன் அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம்.

ஆளவந்தார் ஆத்மஸித்தியில் சார்வாகனுக்குச் சொல்லும் விடைகளில் ஒன்று இங்கே பொருந்துகிறது. தேஹத்தின் குணங்கள் எல்லாம் தேஹமுடையவனுக்கும் பிறருக்கும் ஒருபோலப் புலப்படுபவை. அடியேனுடைய நிறத்தையும் பருமனையும் நீங்களும் காணலாம். அறிவோ அப்படியன்று, என் பல்வலியை நானே அறிவேன், நீங்கள் என் முகச்சுளிப்பைத்தான் காண்பீர்கள். பிறருக்குப் புலப்படாததைத் தேஹகுணம் என்று எப்படிச் சொல்வது என்கிறார். இனித் திரையைப் பாருங்கள். அந்த நிரலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் அந்தப் பிள்ளை அடியேனுக்குக் காட்ட முடியும். உருவம் நின்றபோது டோபமின் இவ்வளவு, அடியின் நீளம் இவ்வளவு என்று அச்சிட்டுத் தரமுடியும். அதற்கு மட்டுமே தெரிந்த எண் ஒன்றும் அங்கே இல்லை. எங்கள் பெரியவர் நின்றபோது, நின்றதை எல்லோரும் கண்டோம். ‘பத்துப் பேர் முன்னிலையில் எம்பெருமானுக்கு எதிரே இப்படி நிற்கிறேனே’ என்ற லஜ்ஜையை அவர் ஒருவரே அறிந்தார். திரையில் நின்ற உருவத்துக்கு நிற்பது உண்டு. நிற்கிறேன் என்பது இல்லை. நம் ஸித்தாந்தத்தில் ஆத்மா தனக்குத் தானே ப்ரகாசிப்பவன் என்று சொல்வது இந்த ‘தனக்கு’ என்ற சொல்லுக்காகவே. அவனுடைய தர்மபூதஜ்ஞானம் விளக்கின் ஒளிபோல இந்த்ரியங்களின் வழியே விரிவதும் சுருங்குவதுமாக இருக்கும் என்பர். நரம்பணுக்களைப் பற்றிய இந்த மாதிரிகள் அந்த வழிகளைத்தான் அளக்கின்றன. அளக்கட்டும், நன்றாக அளக்கட்டும்.

“கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு ‘தனக்கு’ இருந்து, நமக்குப் புலப்படவில்லை என்றால்?” என்றான் அவன். விடமாட்டான் போலும். தூணிலிருந்து தோன்றியவன் எந்த உருவத்தில் எந்த ஜீவனை வைப்பான் என்று வரம்பிட நாம் யார் என்றேன். அதன்பின் அவனைப் பார்த்து ஒன்று கேட்டேன்: “அந்த உருவத்தை நீங்கள் எத்தனை தடவை வாசலில் நிறுத்தியிருப்பீர்கள்?” நூற்றுக்கணக்கில் ஓட்டுவோம் என்றான். “மனம் கூசிற்றா?” கூசவில்லை என்றான். கூசாததில் தவறும் இல்லை. அடியேன் பெரியவரை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அது இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐ.ஐ.டி.யிலேயே 2022-ல் ஸுதா கோபாலக்ருஷ்ணன் மூளை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய தகடுகளாக அரிந்து, 5,132 தகடுகளின் படங்களைக் கொண்ட ஒரு தொகுப்பை அவர்கள் 2024 டிஸம்பரில் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். உயிரோடு பிறக்காத சிசுக்களின் மூளைகள் அவை. துக்கத்தின் நடுவிலும் இசைவளித்த தாய் தந்தையரை நினைத்துப் பார்க்கவேண்டும். அத்தொகுப்புக்குத் தரணி என்று பெயர். ஸ்ரீவைஷ்ணவன் செவியில் அப்பெயர் விழுந்தால் பூமிப்பிராட்டி நினைவுக்கு வராமல் இருப்பாளா? கோவளத்தை அடுத்த திருவிடவெந்தையில் வராஹப் பெருமாளோடு எழுந்தருளியிருப்பவள் அவளே. அவள் கேட்க அன்றோ பெருமாள் வராஹ சரமச்லோகத்தை அருளிச்செய்தான்!

அந்தச் சரமச்லோகத்தின் பொருள் அடியேனுக்கு இப்போது புதிதாகத் தோன்றுகிறது. உடலும் மனமும் நன்றாயிருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும்; பின் அவன் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும் அந்திமத்தில் நான் அவனை நினைக்கிறேன், பரமகதிக்கு நானே அழைத்துச் செல்கிறேன் என்பது கருத்து. மனிதனுடைய நினைவு உடலைப் பற்றி நிற்பது, உடல் தளர்ந்தால் அதுவும் தளரும் என்பதைப் பெருமாளே ஒப்புக்கொண்டு பேசுகிறான். பெரியவரின் கடைசி மாதங்களில் நினைவும் தளர்ந்தது. பெற்ற பிள்ளையின் பெயர் வாய்க்கு வரவில்லை. ஆனால் அடியேன் அருகில் அமர்ந்து திருப்பாவையில் ஒரு பாசுரத்தின் முதலடியைத் தொடங்கினால், மீதி அடிகளை உதடு அசைத்து முடித்துவிடுவார். பக்தியின் மஹிமை என்று எல்லோரும் உருகினோம். பாதியைத் தந்தால் முழுவதையும் மீட்டுத் தரும் நரம்பணு வலையை ஹாப்ஃபீல்ட் என்பவர் 1982-லேயே கணக்காக எழுதிக்காட்டினார் என்றும், அவருக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது என்றும் அந்தப் பிள்ளை சொன்னபோது, முதலில் நெஞ்சில் ஏதோ பறிபோனது போல இருந்தது. பிறகு தேறிற்று. ஸம்ஸ்காரம் பதிந்து கிடக்கும், அதை எழுப்பும் ஸஹகாரி வந்தால் ஸ்ம்ருதி பிறக்கும் என்று நம் தார்க்கிகர்களும்தான் சொல்லியிருக்கிறார்கள். உதடு அசைந்தது வலையின் வேலை என்றே இருக்கட்டும். அந்த வலையை அறுபது ஆண்டுகள், மார்கழிதோறும் விடியலில் எழுந்து, நெய்துவைத்தவர் ஒருவர் இருந்தார். பின்னர் உதடும் அசையாத நாட்கள் வந்தன. அந்நாட்களில் நினைக்கவேண்டிய பொறுப்பு எவனுடையதோ, அவன் அதை முன்னமே ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

நம் ஸந்நிதிப் பரிசாரகர் ஒருவருக்கு இப்போது கையில் சிறிது நடுக்கம் கண்டிருக்கிறது. வைத்தியரைப் பார்த்து மருந்தும் எடுத்துக்கொள்கிறார். மடைப்பள்ளி வாசலிலும் அர்த்தமண்டப நிலைவாசலுக்கு முன்னும், ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே காவிக் கோடுகள் இட்டிருக்கிறோம். தளிகைப் பாத்ரத்துடன் அவர் அவற்றைத் தாண்டி வருகிறார். உத்ஸவ நாட்களில் கூட்டம் மிதித்து அவை அழிந்துவிடும். யார் கண்ணில் பட்டாலும் மறுபடி இட்டுவைக்கலாம். காவிக்கட்டி, கோலப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.